வரத்துக்கால் இல்லாத ஏரி



ஏரின்னு சொன்னதும் உங்க மனசுல என்ன வரும்? ஒரு கரை, ரெண்டு மதகு, தண்ணி வர்றதுக்கு ஒரு வரத்துக்கால், நிரம்பி வழிஞ்சா வெளியேற ஒரு கலிங்கு. கொஞ்சம் மீன், கொஞ்சம் கொக்கு. சரிதானே?

இப்போ இதையெல்லாம் ஒவ்வொன்னா அழிங்க. வரத்துக்கால் இல்லை. மதகு இல்லை. கலிங்கு இல்லை. ஒரு ஆறுகூட உள்ளே வரலை, ஒரு ஓடைகூட வெளியே போகலை. மீனும் இல்லை. ஆனா தண்ணி மட்டும் 592 மீட்டர் ஆழத்துக்கு நிக்குது. இப்படி ஒரு ஏரி நிஜமாவே இருக்கு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு எரிமலையின் வயிற்றுக்குள் இருக்கும் கிரேட்டர் லேக்தான் அது. அந்த நாட்டிலேயே மிக ஆழமான ஏரி.

நம்ம சீனியர்கள்ல யாராவது எம்.எஸ். படிக்கவோ, சிப் கம்பெனி வேலைக்கோ ஓரிகன் பக்கம் போயிருந்தா, அவங்க புரொஃபைல் போட்டோவில் இந்த நீலத்தைப் பார்த்திருப்பீங்க. "ஃபில்டர் போட்டிருக்காங்க"ன்னு கமெண்டும் அடிச்சிருப்பீங்க. ஃபில்டர் இல்லைங்க. அந்தத் தண்ணி அப்படித்தான். ஏன் அப்படி, எப்படி அந்த ஏரி வந்தது, அங்கே போனா எதைப் பார்க்கணும், "மீன் இல்லை"ன்னு மேலே சொன்னதில் இப்போ ஏன் ஒரு சிக்கல் இருக்குன்னு வரிசையா பார்க்கலாம், வாங்க.

மலை விழுந்த இடம்

முதல்ல, பேரே கொஞ்சம் தப்பு. கிரேட்டர்னா எரிமலை உச்சியில் இருக்கும் வாய். இது கிரேட்டர் இல்லை, கால்டெரா. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

கடற்கரையில் ஈர மணலைக் குவிச்சு மலை கட்டியிருப்பீங்க. அதுக்கு அடியில் கையை விட்டு மெதுவா மணலை உருவிக்கிட்டே வந்தா ஒரு கட்டத்தில் என்ன ஆகும்? மேல இருக்கிறது பொத்துன்னு உள்ளே விழும். கால்டெரா உருவாகிறதும் இப்படித்தான்.

இந்த இடத்தில் ஒரு காலத்தில் சுமார் 3,700 மீட்டர் உயரத்துக்கு ஒரு எரிமலை நின்னுக்கிட்டு இருந்தது. அதுக்கு இன்னைக்கு மசாமா மலைன்னு பேர் வச்சிருக்காங்க. சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் அது வெடிச்சது. வெளியே வந்த பாறைக்குழம்பின் அளவு ஏறக்குறைய 50 கன கிலோமீட்டர். டி.எம்.சி. கணக்கு நமக்குப் பழக்கம்தானே? மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதாவது சுமார் 2.65 கன கிலோமீட்டர். அப்படின்னா ஏறக்குறைய 19 மேட்டூர் அணை அளவுக்குக் குழம்பு பூமிக்கு அடியிலிருந்து வெளியே கொட்டியிருக்கு. அதன் சாம்பல் கனடா வரைக்கும் படிஞ்சிருக்கு. கிரீன்லாந்து பனிப்பாளத்தைத் துளைச்சு எடுத்த மாதிரிகளில்கூட கிடைச்சிருக்கு.

அவ்வளவும் வெளியே போனதும் அடியில் இருந்த அறை காலி. மேல இருந்த மலையைத் தாங்க ஒன்னும் இல்லை. உச்சி அப்படியே உள்ளே இறங்கிடுச்சு. மிஞ்சினது 8 முதல் 10 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பள்ளம். மழையும் பனியும் சில நூறு ஆண்டுகளா விழுந்து விழுந்து அந்தப் பள்ளத்தை நிரப்பின. நடுவில் எரிமலை மறுபடி கொஞ்சம் குமுறினதில் வந்த ஒரு குட்டிக் கூம்பு இன்னைக்குத் தீவா நிக்குது. அதுக்குப் பேர் விசார்ட் தீவு.

லாவோவும் ஸ்கெல்லும்

இதையெல்லாம் விஞ்ஞானிகள் கண்டுபிடிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு கூட்டம் கதையாச் சொல்லிக்கிட்டு இருந்தது. அவங்கதான் இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான க்ளாமத் மக்கள். ஏரிக்கு அவங்க மொழியில் கீவாஸ்னு பேர்.

கதை இதுதான். இந்த மலைக்கு அடியில் கீழுலகத்தின் தலைவன் லாவோ குடியிருந்தான். அப்பப்போ மேலே வந்து மலை உச்சியில் நிப்பான். மேலுலகத்தின் தலைவன் ஸ்கெல். அவன் இறங்கி வந்து நின்ன இடம் தெற்கே கலிபோர்னியாவில் இருக்கும் சாஸ்தா மலை. லாவோ ஒரு தலைவரின் மகளை ஆசைப்பட்டுக் கேட்டான். அவள் மாட்டேன்னுட்டாள். வந்தது கோபம். மக்கள் மேல் நெருப்பை வாரி இறைச்சான். ஸ்கெல் மக்களுக்காகச் சண்டைக்கு வந்தான். ரெண்டு மலைகளுக்கும் நடுவில் சிவந்த பாறைகள் பறந்தன, நெருப்பு ஆறா ஓடிச்சு, இருட்டு கவிஞ்சது. மக்களில் பெரியவர்கள் ரெண்டு பேர் தங்களையே பலி கொடுக்க முடிவு செஞ்சு, தீப்பந்தத்தோடு மலையேறி எரியும் குழிக்குள் குதிச்சாங்க. அதன் பிறகு ஸ்கெல் லாவோவைக் கீழுலகத்துக்கே விரட்டினான். லாவோ நின்ன மலை அவன் மேலேயே இடிஞ்சு உள்ளே விழுந்தது. அப்புறம் மழை வந்து அந்தக் குழியை நிரப்பிச்சு.

வேற வடிவங்களும் இருக்கு. ஒன்றில், தோற்ற லாவோவின் உடலைத் துண்டு துண்டா வெட்டி ஏரியில் போடுறாங்க. ஏரியில் இருந்த ராட்சத உயிரினங்கள் அது எதிரியோட உடல்னு நினைச்சுத் தின்னுடுது. கடைசியா தலை வரும்போதுதான் அது தங்கள் தலைவனோடதுன்னு தெரியுது. தொடாமல் விட்டுடுது. அந்தத் தலைதான் விசார்ட் தீவு.

இந்த ஏரி க்ளாமத் மக்களுக்கு சுற்றுலா இடம் இல்லை. தவம் மாதிரி, தனியாப் போய் விரதம் இருந்து ஒரு தரிசனத்தைத் தேடுற இடம். சும்மா போய் எட்டிப் பார்க்கக்கூடாதுன்னு பெரியவங்க சொல்லி வச்சிருந்தாங்க.

ஒரு ஜோடி செருப்பு சொன்ன சாட்சி

"எல்லா மலைக்கும் ஒரு கதை இருக்கும் பாஸ், இதுல என்ன இருக்கு?"ன்னு நீங்க கேட்கலாம். கதையில் ஒரு வரியை மறுபடி பாருங்க: மலை உள்ளே விழுந்தது.

மலையின் தலை எங்கே போச்சுங்கிற கேள்வி விஞ்ஞானிகளுக்கு நடுவில் ரொம்ப நாள் இருந்தது. வெடிச்சுச் சிதறி வெளியே போச்சா, இல்லை உள்ளே இடிஞ்சு விழுந்ததா? வெளியே சிதறியிருந்தா பழைய மலையின் பாறைத் துண்டுகள் சுற்றுவட்டாரத்தில் மலை மலையாக் கிடக்கணும். தேடினா அந்த அளவுக்கு இல்லை. கிடைக்கிறதில் பெரும்பகுதி புதுக் குழம்பிலிருந்து வந்த நுரைக்கல்லும் சாம்பலும்தான். 1942-ல் ஹோவல் வில்லியம்ஸ் என்ற நிலவியலாளர் இந்த எரிமலை பற்றிய தன் விரிவான ஆய்வில், உள்ளே இடிஞ்சு விழுந்ததுங்கிற முடிவை உறுதியா நிறுவினார். க்ளாமத் கதை அதைத்தான் முதல்லேர்ந்து சொல்லிக்கிட்டு இருந்தது.

அப்படின்னா யாராவது நேர்ல பார்த்திருப்பாங்களா? அந்தக் காலத்தில் அங்கே மனுஷங்க இருந்தாங்களா?

1938-ல் லூதர் கிரெஸ்மன் என்ற தொல்லியல் அறிஞர் ஏரிக்கு வடகிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி ஃபோர்ட் ராக் குகையில் தோண்டினார். மசாமா சாம்பல் அடுக்கு வந்தது. அதைத் தாண்டி இன்னும் கீழே போனார். அங்கே டஜன் கணக்கில் செருப்புகள்! சேஜ்பிரஷ்னு ஒரு பாலைப்புதரின் பட்டையைத் திரிச்சு, முடைஞ்சு செஞ்ச செருப்புகள். சாம்பல் மேலே, செருப்பு கீழே. அடுக்கு எப்படி வேலை செய்யும்னு சர்வே வகுப்பு படிச்சவங்களுக்குச் சொல்லவே வேணாம்: கீழே இருக்கிறதுதான் பழசு. பின்னாளில் கார்பன் முறையில் தேதி பார்த்தப்போ 9,000 ஆண்டுகளுக்கு மேல்னு வந்தது. மலை வெடிக்கும் முன்பே அங்கே செருப்பு போட்டு நடந்தவங்க இருந்திருக்காங்க.

செருப்பு செஞ்சவங்க பேரப்பிள்ளைகள்தான் இந்தக் கதையைச் சொன்னாங்கன்னு இதை வச்சு நிரூபிக்க முடியாது. ஆனா பார்க்க ஆளே இல்லைங்கிற வாதம் அத்தோட போச்சு. நெருப்பு ஆறு, பறக்கும் பாறை, இருட்டு, உள்ளே விழுந்த உச்சி, நிரப்பின மழை. இந்த வரிசை நிலவியல் சொல்லும் வரிசையோட அப்படியே ஒத்துப் போகுது.

இதில் ஒரு வேடிக்கை. 1853 ஜூன் 12 அன்று தங்கம் தேடி வந்த ஜான் வெஸ்லி ஹில்மன் இந்த ஏரியைக் "கண்டுபிடித்தார்"னு புத்தகங்கள் சொல்லும். அவர் கண்டுபிடிச்சாரா, அவர் ஏறி வந்த கோவேறு கழுதை கண்டுபிடிச்சதாங்கிறதே கேள்விதான். கழுதை விளிம்புல நின்ன பிறகுதான் கீழே பார்த்தேன்னு அவரே பின்னாளில் சொல்லியிருக்கார்!

தண்ணீர் கணக்கு

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். ஆறு வரலை, ஆறு போகலை. அப்போ மட்டம் எப்படி நிலையா இருக்கு?

இன்புட்: நேரா வானத்திலிருந்து விழுகிறது மட்டும்தான். உருகிய நீராக் கணக்கிட்டா வருஷத்துக்குச் சுமார் 1.7 மீட்டர். இதில் பெரும்பகுதி பனியா வரும். சராசரியா ஒரு வருஷத்தில் 12 மீட்டருக்கு மேல் பனி விழுகிற இடம் அது. ஏரியின் பரப்பு 53 சதுர கிலோமீட்டர். அதுக்குத் தண்ணி தரும் மொத்த நிலப்பரப்பே, ஏரியையும் சேர்த்து, சுமார் 68 சதுர கிலோமீட்டர்தான். அதாவது நீர்ப்பிடிப்புப் பகுதியில் முக்கால் பங்குக்கு மேல் ஏரியேதான். மீதி, சுற்றியுள்ள சுவரின் உள்பக்கச் சரிவு.

அவுட்புட்: கொஞ்சம் ஆவியாப் போகுது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கசிவாப் போகுது. வடக்குப் பக்கச் சுவரில் தண்ணி எளிதாப் புகும் ஒரு பாறை அடுக்கு இருக்கு. மட்டம் உயர்ந்தா அந்த அடுக்கு வழியா அதிகம் கசியும், மட்டம் இறங்கினா கசிவு குறையும். மனுஷன் கட்டாத கலிங்கு! நூறு வருஷத்துக்கு மேலா அளந்து பார்த்ததில் மட்டம் மேலும் கீழும் போன மொத்த வித்தியாசமே சுமார் 5 மீட்டர்தான்.

இன்னொரு கணக்கு போடுவோம். ஏரியின் கொள்ளளவு சுமார் 18.7 கன கிலோமீட்டர். ஏழு மேட்டூர் அணை. வருஷத்துக்கு ஏறத்தாழ 2 மீட்டர் உயரத் தண்ணி வெளியேறுதுன்னு வச்சுக்கிட்டா, 53 சதுர கிலோமீட்டருக்கு 0.106 கன கிலோமீட்டர் வரும். 18.7-ஐ 0.106-ஆல் வகுங்க. விடை சுமார் 176. தோராயக் கணக்குதான். ஆனா ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே வந்தா ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே தங்கும்னு புரியுது இல்லையா? இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

நீலத்துக்குக் காரணமும் இதுக்குள்ளேயே இருக்கு. ஆறு வரலைன்னா சேறு வரலை, உரம் வரலை, சாக்கடை வரலை. தண்ணி கிட்டத்தட்ட தண்ணியா மட்டுமே இருக்கு. சுத்தமான தண்ணி சிவப்பு ஒளியை முதல்ல உறிஞ்சிடும். நீலம்தான் ஆழம் வரைக்கும் போய் சிதறி மேலே திரும்பி வரும். தெளிவை அளக்க கறுப்பு வெள்ளை அடிச்ச ஒரு வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவாங்க. கண்ணுக்கு மறையும் ஆழம்தான் அளவு. இங்கே சராசரியா 30 மீட்டர். பத்து மாடிக் கட்டிடத்தின் மொட்டை மாடியிலிருந்து தரையில் கிடக்கும் தட்டைப் பார்க்கிற மாதிரி, தண்ணி வழியாப் பார்க்கலாம். 40 மீட்டரைத் தாண்டின நாட்களும் உண்டு.

1886-ல் ஆழத்தை அளந்த கதையும் கேட்க வேண்டியது. கிளாரன்ஸ் டட்டன் என்ற அதிகாரி தலைமையில் ஒரு படகை மேலிருந்து செங்குத்துச் சுவர் வழியா இறக்கி, பியானோ கம்பியில் எடை கட்டி 168 இடங்களில் ஆழம் பார்த்தாங்க. அவங்க சொன்ன அதிகபட்ச ஆழம் 608 மீட்டர். இன்னைக்கு ஒலி அலை வச்சுப் பார்க்கிற அளவோட வித்தியாசம் சுமார் மூணு சதவீதம்தான். நம்ம லேப் ரெக்கார்டுல இந்த எரர் வந்தா சந்தோஷப்படுவோம்!

மீன் வந்த கதை

டட்டன் குழுவில் இருந்த ஒருத்தர் வில்லியம் கிளாட்ஸ்டன் ஸ்டீல். இந்த ஏரியின் வரலாற்றில் ஹீரோ இவர்தான். கான்சஸில் பள்ளிக்கூடப் பையனா இருந்தப்போ, மதியச் சாப்பாட்டைச் சுற்றியிருந்த செய்தித்தாளில் இந்த ஏரியைப் பற்றிப் படிச்சதாச் சொல்வார். 1885-ல் முதல் முறையா நேர்ல பார்த்தார். அதுக்கப்புறம் 17 வருஷம், "இந்த இடத்தை யாருக்கும் விற்கக்கூடாது, வெட்டக்கூடாது"ன்னு மனு மேல் மனு போட்டார். 1902 மே 22 அன்று இது தேசியப் பூங்கா ஆச்சு. இன்னைக்கு அந்த ஏரி அப்படியே இருக்குன்னா அவருக்கு நன்றி சொல்லணும்.

அதே ஸ்டீல்தான் 1888-ல் ஏரியில் முதல் மீன்களை விட்டதும். செங்குத்துச் சுவர், உள்ளே வர ஆறு இல்லை. மீன் தானா வர வழியே இல்லை. அவ்வளவு அழகான தண்ணி மீன் இல்லாமல் சும்மாக் கிடக்கேன்னு அவருக்குத் தோணுச்சு. ரோக் ஆற்றிலிருந்து குஞ்சுகளை வாளியில் தூக்கிட்டு வந்து விட்டார். பிறகு அரசாங்கமும் சேர்ந்து 1941 வரைக்கும் விட்டது. இன்னைக்கு வானவில் ட்ரவுட், கோக்கனி சால்மன் ரெண்டும் தானாவே பெருகிக்கிட்டு இருக்கு.

மீனை விட்டாச்சு, மீன் சாப்பிட என்ன இருக்கு? 1915-ல் அதுக்கும் ஒரு ஐடியா: கிரேஃபிஷ். சிங்கி இறாலைச் சின்னதாக்கின மாதிரி, கொடுக்கு வச்ச நன்னீர் உயிரி. மீனுக்குத் தீனின்னு கொண்டு வந்து போட்டாங்க.

ஏரி காலியா இல்லைங்க. அங்கே ஏற்கெனவே ஒருத்தர் குடியிருந்தார். மசாமா நியூட். பல்லி மாதிரி உருவம், தவளை மாதிரி ஈரத்தோல். உலகத்தில் வேற எங்கேயும் கிடையாது. இதோட சொந்தக்காரர்களான மற்ற நியூட்களின் தோலில் கடும் விஷம் இருக்கும். பஃபர் மீனில் இருக்கும் அதே விஷம். வயிறு பளிச்னு ஆரஞ்சு நிறம். "என்னைத் தொடாதே"ங்கிற போர்டு அது. மசாமா நியூட்டுக்கு வயிறு கறுத்திருக்கும். விஷமும் மிகக் குறைவு. வேட்டையாட ஆளே இல்லாத ஏரியில் பல ஆயிரம் வருஷம் வாழ்ந்தா விஷம் எதுக்கு? அதுதான் அந்த ஏரியில் பெரிய ஆள். யாருக்கும் பயப்பட வேண்டிய தேவை இருந்ததில்லை.

கிரேஃபிஷ் அந்த நியூட்டையும் தின்னுது, நியூட் சாப்பிடும் பூச்சிகளையும் தின்னுது, கரையோரப் பாறை இடுக்குகளிலிருந்து அதை விரட்டியும் விடுது. ரொம்ப காலம் கரையின் ஒரு பகுதியில் மட்டும் இருந்தது. கோடைகாலத் தண்ணியின் மேல்மட்ட வெப்பம் கூடக் கூட, இந்த நூற்றாண்டில் வேகமாப் பரவி, இப்போ கிட்டத்தட்டக் கரை முழுக்கவே பிடிச்சிடுச்சு. கிரேஃபிஷ் போன இடத்தில் நியூட் காணாமல் போகுது. முழுசா அழியும் நிலைக்கு வந்திருக்கு.

நியூட்டோட நிற்கலை. பாசியை மேயும் பூச்சிகளைக் கிரேஃபிஷ் தின்னுட்டா, கரையோரப் பாறைகளில் பாசி கூடுது. 30 மீட்டர் தெளிவுன்னு சொன்னோமே, அதோட ஓரத்தில் கைவைக்கிற வேலை இது.

"பொறி வச்சுப் பிடிச்சா என்ன?" பிடிச்சுப் பார்த்தாங்க. நூற்றுக்கணக்கில் முட்டை போடும் இனத்தை 592 மீட்டர் ஆழ ஏரியில் பொறி வச்சு முடிக்க முடியலை. மருந்து போடலாமா? நியூட்டும் சேர்ந்து சாகும். மருந்து ஆற்றோட போயிடவும் செய்யாது. அந்த 176-ஐ ஞாபகம் இருக்கா? ஸ்டீல் வாளியைக் கவிழ்த்த அன்னைக்கு இருந்த தண்ணியில் ஒரு பங்கு இன்னைக்கும் உள்ளேதான் இருக்கு.

ஸ்டீல் கெட்டவர் இல்லை. அந்த ஏரியை அவரை விட நேசிச்சவங்க குறைவு. "இதுல ஒன்னு குறையுதே"ன்னு நினைச்சார், அவ்வளவுதான். ஒரு சிஸ்டத்தில் எது இல்லையோ அது குறைபாடா, இல்லை அந்த சிஸ்டமே அதை நம்பித்தான் நிக்குதாங்கிற கேள்வியை அவர் கேட்கலை. புராஜெக்ட் பண்ணப் போகிற நாமளாவது கேட்டுக்கலாம்.

சரி, போனா என்ன பார்க்கலாம்?

எப்போ போகணும்: ஜூலை முதல் செப்டம்பர் வரை. மற்ற மாசங்களில் பனி. வடக்கு நுழைவாயிலும் ஏரியைச் சுற்றும் 53 கிலோமீட்டர் ரிம் சாலையும் குளிர்காலத்தில் மூடிடுவாங்க. ஜூனிலும் சில பகுதிகள் திறந்திருக்காது. ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை ஏரியையே மறைச்சிடுகிற நாட்களும் உண்டு. போர்ட்லாந்திலிருந்து காரில் நாலரை, அஞ்சு மணி நேரம். விளிம்பின் உயரம் ஏறக்குறைய நம்ம ஊட்டி அளவு. அதனால் கோடையிலும் ஸ்வெட்டர் எடுத்துக்குங்க.

நடக்க விரும்புறவங்களுக்கு:

வாட்ச்மேன் சிகரம்: போக வர சுமார் 2.6 கிலோமீட்டர். ஏற்றமும் கம்மி. உச்சியில் காட்டுத்தீயைக் கண்காணிக்கும் பழைய கோபுரம். விசார்ட் தீவு நேர் கீழே தெரியும். சூரியன் மறையும் நேரத்துக்குப் போங்க.

கார்ஃபீல்ட் சிகரம்: லாட்ஜ் பக்கத்திலிருந்து தொடங்கும். போக வர ஐந்தரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், 300 மீட்டர் ஏற்றம். மூச்சு வாங்கும், ஆனா ஒவ்வொரு திருப்பத்திலும் ஏரி வேற ஒரு நீலத்தில் இருக்கும்.

ஸ்காட் மலை: பூங்காவின் மிக உயரமான இடம், 2,721 மீட்டர். போக வர 7 கிலோமீட்டர். முழு ஏரியும் ஒரே ஃபிரேமில் அடங்கும் இடம் இது. வானம் தெளிவா இருந்தா தெற்கே ஸ்கெல் நின்ன சாஸ்தா மலையும் தெரியும். அங்கே நின்னு கதையை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. ரெண்டு மலைக்கும் நடுவில் பாறை பறந்ததுன்னு ஏன் சொன்னாங்கன்னு புரியும்.

க்ளீட்வுட் பாதை: தண்ணிக்கு இறங்க அனுமதியுள்ள ஒரே வழி. இறங்கும்போது ஜாலி, ஏறும்போது 210 மீட்டர் செங்குத்து. புனரமைப்புப் பணிக்காக இதைச் சில ஆண்டுகள் மூடும் திட்டத்தைப் பூங்கா அறிவிச்சிருக்கு, அதனால் கிளம்பும் முன் நிலவரம் பார்த்துக்குங்க. வேற எந்த இடத்திலும் விளிம்பிலிருந்து கீழே இறங்க முயற்சி பண்ணாதீங்க. பாறை உதிரும். செல்ஃபிக்காகத் தடுப்பைத் தாண்டுறதும் வேண்டவே வேண்டாம்.

தண்ணியில் இறங்க முடிஞ்ச நாளிலும் வெளியிலிருந்து படகு, நீச்சல் கண்ணாடி, மிதவை எதுவும் கொண்டு வரக்கூடாது. வேற ஏரியில் நனைஞ்ச பொருளில் ஒட்டிக்கிட்டு இன்னொரு கிரேஃபிஷ் கதை ஆரம்பிச்சிடக்கூடாதுங்கிற பயம்தான். மீன் பிடிக்க மட்டும் உரிமம்கூட வேண்டாம், எவ்வளவு வேணும்னாலும் பிடிக்கலாம். இயற்கையான தூண்டில் இரைக்குத்தான் தடை. ஏன்னு இப்போ உங்களுக்கே தெரியும்.

மிருகங்கள்: கருங்கரடியும் எல்க் மானும் காட்டுக்குள் உண்டு, எளிதில் கண்ணில் படாது. பாறைக் குவியல்களில் "ஈக்"னு ஒரு சத்தம் கேட்டா அது பைக்கா, உள்ளங்கை அளவு முயல் இனம். கோடை முழுக்கப் புல் வெட்டிக் காய வச்சுக் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைக்கும். சாம்பல் உடம்பும் கறுப்பு இறக்கையுமா ஒரு பறவை கத்திக்கிட்டே பறந்தா அது கிளார்க்ஸ் நட்கிராக்கர். விளிம்பில் முறுக்கிக்கிட்டு நிக்கும் வெண்பட்டைப் பைன் மரத்தின் காய்கள் தானா வெடிக்காது. இந்தப் பறவை அலகால் உடைச்சு, விதைகளை மண்ணில் ஒளிச்சு வைக்கும். மறந்துபோன விதைகள்தான் அடுத்த தலைமுறை மரங்கள். அந்த மரமும் இன்று ஆபத்தில் இருக்கு. வெளியிலிருந்து வந்த ஒரு பூஞ்சை நோயும், வண்டும் அதைக் கொன்னுக்கிட்டு இருக்கு. 2022-ல் அழியும் அபாயமுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தாங்க.

ஏரியில் நேரா நின்னுக்கிட்டு மிதக்கும் ஒரு மரக்கட்டையைப் பார்த்தா கும்பிடு போட்டுக்குங்க. "ஏரியின் கிழவர்"னு பேர். சுமார் 9 மீட்டர் நீளத்தில் ஒரு மீட்டர் சொச்சம்தான் வெளியே தெரியும். 1896-லிருந்தே பார்த்திருக்காங்க. 1938-ல் மூணு மாசம் பின்தொடர்ந்ததில் சுமார் 100 கிலோமீட்டர் சுத்தியிருக்கார். 1988-ல் நீர்மூழ்கியில் ஆய்வு செய்ய வந்தவங்க, இடைஞ்சலா இருக்கேன்னு அவரைத் தீவுக்குப் பக்கத்தில் கட்டிப் போட்டாங்களாம். உடனே வானிலை மோசமாச்சாம். அவிழ்த்து விட்டதும் வெளுத்ததாம். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். லாவோ இன்னும் அடியிலதான் இருக்கான்னு சொல்றவங்களும் இருக்காங்க!

கடைசியா ஒன்னு. விளிம்பில் நீங்க உட்கார்ந்ததும், கழுத்தோரம் பொன்னிறமா ஒரு குட்டி அணில் ஓடி வரும். ரெண்டு கால்ல நின்னு, கையைக் கூப்பின மாதிரி வச்சுக்கிட்டு உங்க கையில் இருக்கிற சிப்ஸ் பாக்கெட்டையே பார்க்கும். பாவம், பசிக்குதோ என்னமோன்னு தோணும். போடாதீங்க. அது குளிர்காலத்துக்கு விதை சேர்க்கிற நேரம் அது. ஸ்டீலுக்கும் அந்த ஏரியைப் பார்த்தப்போ அப்படித்தான் தோணுச்சு.